வாக்குமூலமா, பாவ அறிக்கையா? நாட் டர்னரை கிளாஸ்ல நடத்தி நான் கத்துக்கிட்டது

நான் வர்ஜீனியால ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல பார்ட் டைமா அமெரிக்க வரலாறு நடத்துறேன், சொந்த ஊர் பாளையங்கோட்டை. ஒவ்வொரு செமஸ்டர்லயும் ஒரு வாரம் 1831ல நடந்த நாட் டர்னர் கலகத்துக்குன்னு ஒதுக்கி வச்சிருவேன், அந்த ஒரு வாரத்துக்கு நான் செய்ற தயாரிப்பு மத்த ரெண்டு மாசத்துக்கும் சேத்து செய்றத விட அதிகம், அப்படியும் ரெண்டு தடவ பெரிய தப்பு பண்ணிருக்கேன், ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரான தப்பு. அத எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. மதமும் கலகமும் ஒண்ணா கலந்த ஒரு விஷயத்த, அதுவும் எதிராளி கையால எழுதின ஆவணத்த வச்சு நடத்த வேண்டி வர்ற யாருக்காவது உதவட்டும்.

கதை தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். 1831 ஆகஸ்ட் 21, ஞாயித்துக்கெழமை, வர்ஜீனியாவோட தென்கிழக்கு மூலைல சவுத்தாம்ப்டன் கவுண்டி, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. நாட் டர்னர் அங்க ஒரு அடிமை, 30 வயசு, எழுதப் படிக்கத் தெரியும், மத்த அடிமைகள் நடுவுல பிரசங்கம் பண்றவர். காட்டுக்குள்ள ஒரு குட்டை பக்கத்துல அவரும் இன்னும் ஆறு பேரும் கூடுறாங்க, ஒரு பன்னிய சுட்டு சாப்பிடறாங்க, அன்னிக்கு ராத்திரியே தான் வேலை செஞ்ச ஜோசப் ட்ராவிஸ் வீட்டுலருந்து ஆரம்பிக்கறாங்க. மறுநாள் மத்தியானத்துக்குள்ள வீடு வீடா போய் 55 வெள்ளைக்காரங்கள கொன்னுட்டாங்க, பாதிக்கு மேல பொம்பளைங்களும் கொழந்தைங்களும். போற வழி ஜெருசலேம்னு ஒரு சின்ன ஊருக்கு, ஆமா அந்த ஊர் பேரே அதுதான், 1888ல தான் கோர்ட்லேண்ட்னு மாத்தினாங்க. ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடியே மிலிஷியா, அதாவது உள்ளூர் ஆளுங்களோட படை, வந்து கலைச்சிடுது. அப்பறம் பழிவாங்கல், கலகத்துல சம்பந்தமே இல்லாத கறுப்பின மக்களையும் விசாரணை எதுவும் இல்லாம கொன்னாங்க, எத்தன பேர்ங்கறதுல இன்னிக்கும் வரலாற்றாளர்களுக்குள்ள சண்டை. டர்னர் ரெண்டு மாசத்துக்கு மேல ஒளிஞ்சிருந்து அக்டோபர் 30 புடிபட்டாரு, நவம்பர் 11 தூக்கு.

இதுக்கு நடுவுல தான் நம்ம ஆவணம் பொறக்குது. தாமஸ் கிரேங்கற ஒரு உள்ளூர் வக்கீல், டர்னரோட வக்கீல் கெடையாது, கலகத்துல புடிபட்ட வேற சில பேருக்காக வாதாடினவர், பணக் கஷ்டத்துல இருந்தவர், நவம்பர் 1லருந்து 3 வரைக்கும் ஜெயில்ல போய் டர்னர்கிட்ட பேசுறாரு. 5ஆம் தேதி விசாரணை. 10ஆம் தேதி கிரே அத புத்தகமா போட காப்புரிமை பதிவு பண்ணிட்டாரு, அதாவது தூக்குக்கு மொத நாள். "நாட் டர்னரின் வாக்குமூலம்"னு பால்டிமோர்ல அச்சாகி வந்துச்சு, சின்ன புத்தகம் தான். டர்னரப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல முக்கால்வாசி இதுக்குள்ள இருந்து தான் வருது, இதுக்குள்ள அவரு "நான்"னு பேசுறாரு, ஆனா எழுதினது கிரே.

இப்ப என்னோட மொத தப்பு. மொத வருஷம் நான் என்ன பண்ணேன்னா, கிரேயோட முன்னுரை, முடிவுரை ரெண்டையும் வெட்டி எறிஞ்சிட்டு "போன அக்டோபர் 2ஆம் தேதி எனக்கு 31 வயசு ஆச்சு"ன்னு டர்னர் தன் கதைய ஆரம்பிக்கற எடத்துலருந்து மட்டும் ஜெராக்ஸ் எடுத்து குடுத்தேன். பசங்க அவரோட குரல நேரா கேக்கட்டுமேன்னு ஒரு ஆசை. ரெண்டு பேர எழுந்து வாசிக்கச் சொன்னேன், கிளாஸே அப்படியே கட்டிப்போட்ட மாதிரி இருந்துச்சு, எனக்கு உள்ளுக்குள்ள பெருமை வேற. முடிச்சதும் பின்னாடி பெஞ்ச்ல ஒரு அம்மா, நாப்பது வயசு இருக்கும், ராத்திரி ஆஸ்பத்திரில வேலை பாத்துட்டு பகல்ல படிக்க வர்றவங்க, கைய தூக்கி "இத எழுதினது யாரு?"ன்னு கேட்டாங்க. டர்னர் சொன்னாரு, ஒரு வக்கீல் எழுதிக்கிட்டாருன்னேன். அவங்க சொன்னது எனக்கு இன்னும் காதுல கேக்குது: "நானும் பேஷண்ட் சொல்றத எழுதுறவ தான் புரொஃபஸர், அவங்க 'நெஞ்சுல யானை உக்காந்திருக்கு'ன்னுவாங்க, நான் சார்ட்ல வேற எழுதுவேன், ரெண்டு நாள் கழிச்சு சார்ட்ட படிக்கறவங்களுக்கு யானை தெரியாது." அவ்ளோ தான் சொன்னாங்க. கிரேயோட முன்னுரைய வெட்டினது, எழுதின கைய மறைச்சு வச்சது, நான் தான். கிளாஸ் முடியறதுக்கு பத்து நிமிஷம் இருந்துச்சு, அந்தப் பத்து நிமிஷம் நான் என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

அடுத்த வருஷம் அத சரி பண்றேன்னு போய் நேர் எதிர்ப்பக்கம் விழுந்தேன். முழுக்க முழுக்க கிரே. அவருக்கு ஏன் பணம் வேணும், யாருக்காக எழுதுறாரு, பயந்து போயிருக்கற வெள்ளைக்கார வாசகர்களுக்கு "இது ஒரே ஒரு மதவெறியனோட வேலை, பெரிய சதி எதுவும் இல்ல, நிம்மதியா தூங்குங்க"ன்னு சொல்றது அவருக்கு எவ்ளோ வசதி, இதெல்லாம் அடுக்கி, கடைசில "அதனால டர்னர் உண்மைல என்ன நெனச்சாருன்னு நம்மால சொல்லவே முடியாது"ன்னு முடிச்சேன். கிளாஸ் கலைஞ்சதும் ஒரு பையன் நின்னான், கறுப்பினப் பையன், அவன் பாட்டி ஒரு பாப்டிஸ்ட் சபைல பொறுப்புல இருக்கறவங்க, அவங்க வீட்டுல டர்னர "தீர்க்கதரிசி நாட்"னு தான் சொல்லுவாங்களாம். அவன் கோவமா பேசல, மெதுவாத்தான் சொன்னான்: "அவருக்கு வாயத் தொறக்க கெடச்சது அந்த மூணு நாள் தான். அதையும் நீங்க இன்னிக்கு அந்த வக்கீலுக்கே குடுத்துட்டீங்க."

அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட புடிக்கல. சந்தேகப்படறது தான் வரலாற்றாளரோட வேலைன்னு படிச்சு வந்தவ நான். ஆனா அந்த ரெண்டு கிளாஸ்லயும் நான் சந்தேகப்பட்டது எங்கன்னு யோசிச்சா, டர்னரோட தரிசனம் நெசமா, அவர் சொன்ன அடையாளம் நெசமா, அவர் வார்த்தை நெசமா, எல்லாம் அவர் பக்கம் தான். கவர்னரோட டைரிய நடத்தறப்போ, கோர்ட் குறிப்ப நடத்தறப்போ, இப்படி ஒரு தடவ கூட கேட்டதில்ல.

அந்த வாரம் அம்மாகிட்ட போன்ல பேசிட்டிருந்தேன். அம்மா ரிட்டையர்டு டீச்சர், சி.எஸ்.ஐ. சபைல பெண்கள் ஐக்கிய சங்கத்துல இன்னும் ஓடி ஆடிட்டு இருக்காங்க. "என்னட்டி நடத்துற இப்போ"ன்னு கேட்டாங்க, சொன்னேன், புத்தகத்துப் பேரு கன்ஃபெஷன்ஸ்னேன். அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு "அது போலீஸ்கிட்ட குடுக்குற வாக்குமூலமா, இல்ல கர்த்தர்கிட்ட பண்ற பாவ அறிக்கையா?"ன்னாங்க. நான் அப்படியே உக்காந்துட்டேன். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, நமக்கு ரெண்டு. தமிழ்ல அந்த தலைப்ப சொல்லணும்னாலே முன்னாடியே முடிவு பண்ணியாகணும். கிரேக்கு அது வாக்குமூலம், குத்தத்த ஒத்துக்கிட்டான்னு ஊருக்கு காட்டணும். அப்ப டர்னருக்கு? புத்தகத்துலயே இருக்கு, விசாரணைல "நான் குத்தவாளி இல்ல"ன்னு தான் சொல்லிருக்காரு, தனக்கு அப்படித் தோணலன்னு தன் வக்கீல்கிட்ட சொன்னாராம். நடந்தது எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்றாரு, ஆனா பாவம்னு ஒத்துக்கல. "இப்பவாவது நீ நெனச்சது தப்புன்னு தெரியுதா"ன்னு கிரே கேக்கறப்போ வர்ற பதில் "கிறிஸ்து சிலுவையில அறையப்படலையா?" அவ்ளோ தான். அது பாவ அறிக்கை இல்ல, சபைல நாங்க சாட்சி சொல்றதுன்னு ஒண்ணு சொல்லுவோமே, கர்த்தர் தன் வாழ்க்கைல செஞ்சத எல்லார் முன்னாடியும் சொல்றது, அதுக்குத் தான் கிட்ட வருது.

அடுத்த கிளாஸ்ல போர்ட்ல தமிழ்லயே அந்த ரெண்டு வார்த்தையையும் எழுதி, அர்த்தத்த சொல்லி, இது ரெண்டுல எதுன்னு கேட்டேன். அன்னிக்கு நடந்த மாதிரி ஒரு விவாதம் அதுக்கு முன்னாடி என் கிளாஸ்ல நடந்ததில்ல. உங்க தாய்மொழில ஒரு வார்த்தை இங்கிலீஷ விட கூர்மையா இருந்துச்சுன்னா அத கூச்சப்படாம கிளாஸுக்கு கொண்டு போங்க, பசங்க அத வேடிக்கையா எடுத்துக்க மாட்டாங்க, ஒரு சாவி மாதிரி எடுத்துக்குவாங்க.

இப்ப நான் எப்படி நடத்துறேன்னு சொல்றேன். மூணு கிளாஸ் வேணும், ரெண்டுல முடியாது, முயற்சி பண்ணி பாத்துட்டேன்.

மொத கிளாஸ்ல கிரேயோட புத்தகத்த கண்ணுலயே காட்டமாட்டேன். ரிச்மண்ட்ல வந்த ஒரு பத்திரிகையோட 1831 செப்டம்பர் 26 இதழ்ல பேர் இல்லாத ஒரு கடிதம் வந்துச்சு, அதத்தான் மொதல்ல குடுப்பேன். டர்னர் அப்ப இன்னும் புடிபடல. அதுல ஒருத்தர் எழுதறாரு, டர்னரோட மனைவிய சவுக்கால அடிச்சு வாங்கின சில காகிதம் தன் கைல இருக்கு, அதுல அர்த்தம் புரியாத சித்திர எழுத்து, பழசா இருக்கறது ரத்தத்துல வரைஞ்ச மாதிரி தெரியுது, ஒவ்வொரு காகிதத்துலயும் ஒரு சிலுவை, ஒரு சூரியன், 6,000, 30,000, 80,000ன்னு எண்கள். அத படிச்சிட்டு மொத கேள்வியா நான் எதையும் கேக்கறதில்ல, சும்மா விடுவேன். பாதிப்பேர் எண்கள புடிச்சிட்டு தொங்குவாங்க. யாராவது ஒருத்தர் "சவுக்கால அடிச்சு"ங்கற எடத்துல நிப்பாங்க. அங்கருந்து தான் பாடமே ஆரம்பிக்குது, ஏன்னா இந்த ஆவணம் எப்படி வந்துச்சுன்னு ஆவணமே வெக்கம் இல்லாம சொல்லுது.

ரெண்டாவது கோர்ட் குறிப்பு, ரெண்டு பக்கம் கூட வராது. ஜேம்ஸ் ட்ரெஸ்வான்ட்னு ஒருத்தர் சாட்சி சொல்றாரு, டர்னர் தன்கிட்ட பேசினத. கடவுள் தனக்குத் தெரிஞ்சார்னு பாசாங்கு பண்ணினான், கைய வச்சு நோய குணப்படுத்துவேன்னான், மேகத்துக்கு கட்டளை போடுவேன்னான், எல்லாம் கோர்வை இல்லாத குழப்பமான பேச்சுன்னு பதிவாகியிருக்கு. இத வச்சிட்டு தான் மூணாவதா கிரேயோட புத்தகத்துக்கு வரணும். அங்க பாத்தா அதே மனுஷன் ஆத்தொழுக்கு மாதிரி பேசுறாரு, சின்ன வயசுலருந்து வரிசையா, வக்கீல் எழுதின மாதிரியே நீளமான சுத்தமான வாக்கியம். பசங்களே புடிச்சிடுவாங்க: ஒண்ணு கிரே மெழுகிட்டாரு, இல்ல ட்ரெஸ்வான்ட்க்கு கேக்கப் பொறுமை இல்ல, இல்ல ரெண்டும். அதோட இன்னொண்ணு, கிரேயோட புத்தகத்துல அந்த வாக்குமூலம் கோர்ட்ல வாசிக்கப்பட்டதுன்னு இருக்கு, கோர்ட் குறிப்புல கிரே பேரும் இல்ல, அப்படி ஒரு காகிதம் வாசிச்சதும் இல்ல. இத நான் சொன்னா பசங்களுக்கு அது ஒரு தகவல், அவங்களே ரெண்டையும் பக்கத்துல வச்சு கண்டுபுடிச்சா அவங்களோட சொத்து. அதனால வாய மூடிட்டு இருக்கணும். அது எனக்கு ரொம்ப கஷ்டமான வேலை.

அப்பறம் கலர் பென்சில். ஆளுக்கு மூணு, புத்தகத்துலருந்து ஒரே ஒரு பக்கம், ரெண்டு பக்கம் ஓரத்துலயும் நெறைய எடம் விட்டு பிரிண்ட் எடுத்தது. இது கிரே தான்னு தோணற வரிக்கு சிவப்பு, இத கிரே கண்டுபுடிச்சிருக்க வாய்ப்பில்லன்னு தோணறதுக்கு நீலம், தெரியலன்னா மஞ்சள். கலர் அடிச்சா மட்டும் போதாது, ஓரத்துல ஏன்னு ஒரு வரி எழுதணும். இதுல ஒரு கண்டிஷன்: "எனக்கு புடிச்சிருக்கு, அதனால நீலம்" செல்லாது. கிரேக்கு இத எழுதறதுல லாபமா நஷ்டமான்னு காட்டணும்.

ஒரு வரி இருக்கு, அத யாராவது தொடற வரைக்கும் நான் காத்துட்டே இருப்பேன். பக்கத்து மாநிலம் வட கரோலினாலயும் அதே சமயம் கலகம்னு பேச்சு அடிபட்டுச்சு, கிரே அத கேக்கறாரு, டர்னர் தனக்குத் தெரியாதுங்கறாரு. கிரே மூஞ்சிய பாத்திருப்பாரு போல. ஐயா நீங்க என் வார்த்தைய சந்தேகப்படறீங்க, ஆனா வானத்துல இந்த சமயத்துல தெரிஞ்ச அதே விநோதங்கள், அதே எண்ணங்கள், என்னை மாதிரியே மத்தவங்களையும் தூண்டியிருக்கலாமேன்னு உங்களுக்குத் தோணலையான்னு திருப்பிக் கேக்கறாரு. இத யோசிச்சுப் பாருங்க. கிரேயோட மொத்த புத்தகமும் "இது ஒரு ஆளோட வெறி, முடிஞ்சு போச்சு"ன்னு சொல்லத் தான் வந்தது. அந்த புத்தகத்துக்கு நடுவுல, இன்னும் எத்தன பேருக்கு வேணும்னாலும் இது தோணலாம்னு ஒரு வரி உக்காந்திருக்கு. போன வருஷம் ஒரு பொண்ணு, அதுவரைக்கும் வாயே தொறக்காதவ, இதுக்கு நீலம் அடிச்சு ஓரத்துல "இது வக்கீலோட தூக்கத்த கெடுக்குற வரி, அவர் இத தானா எழுத மாட்டார்"னு எழுதியிருந்தா. ஒத்துக்காத ஒரு பையன் அதுக்கு சிவப்பு, "பயமுறுத்தினா தான் புத்தகம் விக்கும்"னு. ரெண்டு பேரும் கிளாஸ் முடிஞ்சு பார்க்கிங் லாட் வரைக்கும் சண்டை போட்டுட்டே போனாங்க. இதுல யாரு சரின்னு நான் இன்னிக்கு வரைக்கும் கிளாஸ்ல சொன்னதில்ல. எனக்குன்னு ஒரு எண்ணம் இருக்கு, நான் நீலம் தான்.

கிரேயோட சொந்த வாக்கியத்தையும் இதே மாதிரி பாக்க வைக்கணும். ஒரு எடத்துல அவரே எழுதறாரு, இவன் ஒண்ணு முழு மதவெறியனா இருக்கணும், இல்ல அந்த வேஷத்த அபாரமா போடறான்னு. அவருக்கே தெரியல! பக்கத்துலயே, இவ்ளோ இயல்பான புத்திசாலித்தனம் நான் பாத்த மனுஷங்கள்ல ரொம்ப சில பேர்கிட்ட தான் இருந்துச்சுன்னும் எழுதறாரு. எதிராளியோட தடுமாற்றம் ஆவணத்துலயே பதிவாகி இருக்கும், அந்த எடத்த தேடிப் புடிச்சு குடுங்க.

மதம் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இங்க தான் நெறைய டீச்சர்ஸ் தடுக்கி விழறாங்க. சோளக்கதிர் மேல வானத்துலருந்து பனி மாதிரி ரத்தத்துளி, காட்டுல எலை மேல எழுத்து, வெள்ளை ஆவிகளும் கறுப்பு ஆவிகளும் சண்டை போடறது, 1828 மே 12 கடவுளோட ஆவி வந்து பேசினது, 1831 பிப்ரவரில சூரிய கிரகணம், இதெல்லாம் வாசிச்ச உடனே யாராவது ஒரு ஸ்டூடண்ட் "இவருக்கு மனநோயா?"ன்னு கேப்பாங்க. முன்னாடி நானும் அந்தப் பேச்சுக்கு எடம் குடுத்தேன், அரை மணி நேரம் அதுலயே போயிடும், கடைசில டர்னர் ஒரு கேஸ் ஃபைலா ஆயிடுவார். இப்ப சொல்லிடறேன், அந்தக் கேள்வி தப்பில்ல, ஆனா மூணாவது கிளாஸ்ல கேக்கலாம், அதுக்கு முன்னாடி வேற ஒரு கேள்வி: அதே வருஷங்கள்ல வேற யாருக்கெல்லாம் தரிசனம் வந்துச்சு? தேடிப் பாத்தா 1830ல மார்மன் சபைய ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித் அந்த சபையோட வேதமான மார்மன் நூல வெளியிட்டிருக்காரு, 1831ல வில்லியம் மில்லர்னு ஒரு விவசாயி உலக முடிவு கிட்ட வந்துடுச்சுன்னு பிரசங்கிக்க ஆரம்பிக்கறாரு. நாடு முழுக்க எழுப்புதல் கூட்டம். மில்லருக்கும் ஸ்மித்துக்கும் பின்னாடி சபைகள் உருவாகி இன்னிக்கும் இருக்கு. அடையாளத்த பாக்கறது அந்தக் காலத்துல விநோதமே இல்ல, அத ஒரு அடிமை பாத்தது தான் விநோதமா தெரிஞ்சிருக்கு. இத தெரிஞ்சுக்கிட்ட அப்பறம் மனநோய்க் கேள்விய மூணாவது கிளாஸ்ல கேக்கறவங்க ரொம்ப கொறஞ்சு போயிடறாங்க.

பைபிள் வசனத்தையும் கைல குடுக்கணும், மதம் தெரியாத பசங்களுக்கும் தான். லூக்கா 12:47. டர்னர் ஒரு தடவ ஓடிப்போய் 30 நாள் காட்டுல இருந்துட்டு தானா திரும்பி வந்தார், மத்த அடிமைகளுக்கே அதிர்ச்சி, உனக்கு இருக்குற புத்தி எங்களுக்கு இருந்தா உலகத்துல எந்த எஜமானுக்கும் வேலை செய்யமாட்டோம்னு முணுமுணுத்தாங்களாம். ஏன் வந்தேங்கறதுக்கு அவர் சொல்ற காரணம் ஆவி இந்த வசனத்த சொன்னதுன்னு. நம்ம பைபிள்ல "தன் எஜமானனுடைய சித்தத்தை அறிந்தும் ஆயத்தமாயிராமலும் அவனுடைய சித்தத்தின்படி செய்யாமலும் இருந்த ஊழியக்காரன் அநேக அடிகள் அடிக்கப்படுவான்". இதே வசனத்த வாயால சொல்லிட்டே ஒரு எஜமான் கால் கை சரியில்லாத ஒரு பொண்ண சவுக்கால அடிச்சத அடிமையா இருந்து தப்பிச்சு வந்த ஃப்ரெடெரிக் டக்ளஸ் தன் சுயசரிதைல எழுதியிருக்காரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிட்டு ஒரே கேள்வி: டர்னர் வாயில வர்ற எஜமான் யாரு? பண்ணை முதலாளியா, கர்த்தரா? மொதல்ல வாசிச்சா பணிஞ்சு திரும்பி வந்த மாதிரி இருக்கு. அடுத்த பக்கத்த படிச்சிட்டு திரும்பி வந்து வாசிச்சா வேற யாரோ ஒரு எஜமானோட வேலைய முடிக்க வந்த மாதிரி இருக்கு. கிரே இத எழுதறப்போ அவருக்கு இது தெரிஞ்சுதான்னு ஒரு பையன் கேட்டான், ரொம்ப நல்ல கேள்வி. அம்மாகிட்ட இத சொன்னப்போ "ஊழியக்காரன்னா நாம பாஸ்டர இல்ல சொல்லுவோம்"னாங்க. மூலத்துல கிரேக்க வார்த்தை அடிமைன்னு தான் அர்த்தம், நம்ம மொழில அது ஊழியக்காரனாகி, நம்ம சபைல பிரசங்கியாராவே ஆயிடுச்சு. டர்னர் ரெண்டுமா இருந்தார்.

நேரம் இருந்தா 1807ல லண்டன்ல அச்சடிச்ச அடிமைகளுக்கான பைபிள் பத்தியும் சொல்லுவேன், மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்குன்னே தொகுத்தது, யாத்திராகமத்துல அடிமைகளா இருந்த இஸ்ரவேலர் எகிப்துலருந்து விடுதலையாகற கதைய எடுத்துட்டாங்க, பழைய ஏற்பாட்டுல பத்துல ஒரு பங்கு தான் மிச்சம். எத வெட்டினாங்கன்னு பாத்தாலே அவங்களுக்கு எது பயம்னு தெரிஞ்சிடும். வர்ஜீனியால கலகத்துக்கு அப்பறம் 1832ல வந்த சட்டமும் கறுப்பின மக்கள் பிரசங்கம் பண்ணக்கூடாதுன்னு தான்.

இனி சொல்லப்போறது தான் எனக்கு எழுதவே கஷ்டமா இருக்குற பகுதி. கொலைகள மறைக்கக் கூடாது. ட்ராவிஸ் வீட்டுல தொட்டில்ல தூங்கிட்டிருந்த ஒரு கைக்கொழந்தைய மறந்துட்டு கொஞ்ச தூரம் போயிட்டாங்க, ஞாபகம் வந்து ரெண்டு பேர் திரும்பிப் போய் கொன்னாங்க. இது டர்னர் வாயாலயே வர்றது. லெவி வாலர் வீட்டுல மனைவியும் பத்து கொழந்தைங்களும். ஒரு வருஷம் நான் புத்தகக் கடைசில இருக்குற செத்தவங்க பட்டியல, நேரம் ஆயிடுச்சுன்னு, வேகமா ஒரு மூச்சுல வாசிச்சிட்டு போயிட்டேன். கிளாஸ் முடிஞ்சு ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்தான், அந்தப் பட்டியல்ல ஒரு பேர காட்டி "இது எங்க பாட்டி வீட்டுப் பேரு"ன்னான். குத்தம் சொல்ல வரல, அவன் டர்னர வெறுக்கற ஆளும் இல்ல, "நீங்க கொஞ்சம் மெதுவா வாசிச்சிருக்கலாம்" அவ்ளோ தான். அவன் சொன்னது சரி. அந்த கவுண்டிலருந்து ஒன்றரை மணி நேர தூரத்துல ஒரு காலேஜ்ல நடத்திட்டு, யாரோட வீட்டுப் பேராவது இதுல இருக்கும்னு எனக்கு ஏன் தோணல?

இப்ப செமஸ்டர் ஆரம்பத்துலயே ஒரு சின்ன சீட்டுல எழுதிக் குடுக்கச் சொல்லிடறேன், உங்க குடும்பத்துக்கு இந்தப் பகுதியோட சம்பந்தம் இருந்தா, நீங்க விரும்பினா மட்டும். பட்டியல மெதுவா வாசிக்கறோம், ரெண்டு பட்டியலையும். ஏன்னா அடுத்த பட்டியல் ஒண்ணு இருக்கு, விசாரணைக்கு வந்த கறுப்பினத்தவங்களோடது, அதுல நெறைய பேருக்கு ஒத்த பேர் தான், பக்கத்துல எஜமானோட முழுப்பேர். டர்னர தூக்குல போட்டதுக்கு மாநில அரசு நஷ்டஈடு குடுத்துச்சு, 375 டாலர்னு மதிப்புப் போட்டாங்க, அவரோட சொந்தக்காரங்களுக்கு இல்ல, அவரை சொத்தா வச்சிருந்த குடும்பத்துக்கு. அந்தத் தொகைய போர்ட்ல எழுதிட்டு கொஞ்ச நேரம் நான் எதுவும் பேசறதில்ல. ஒரு பட்டியல வாசிச்சிட்டு இன்னொண்ண விட்டா, எத விட்டாலும், கிளாஸ்ல பாதிப்பேர் மனசு மூடிக்கும், அப்பறம் எவ்ளோ நல்ல ஆவணம் குடுத்தாலும் உள்ள போகாது.

பரீட்சைக் கேள்வியையும் மாத்திட்டேன். முன்னாடி "டர்னர் வீரரா, வெறியரா"ன்னு கேப்பேன், எல்லாரும் எனக்கு எது புடிக்கும்னு யூகிச்சு எழுதுவாங்க. இப்ப கேக்கறது: புத்தகத்துலருந்து ஒரே ஒரு வாக்கியத்த எடு, அது யாரோடதுன்னு வாதாடு, உன் வாதத்துக்கு எதிரா இருக்குற மிக பலமான காரணத்தையும் நீயே எழுது. மார்க் போட ரெண்டு மடங்கு நேரம் ஆகுது, ஆனா படிக்க ஆசையா இருக்கு. சபைக்குப் போற பசங்களும் போகாத பசங்களும் இதுல சமமா எழுதறாங்க, ஏன்னா நம்பணுமா வேணாமான்னு நான் கேக்கல.

தீர்க்கதரிசி நாட்னு சொன்ன அந்தப் பையன் இப்ப ஒரு நாலு வருஷ காலேஜுக்கு மாறிப் போயிட்டான். வாஷிங்டன்ல ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துல டர்னரோடதுன்னு சொல்ற ஒரு பைபிள் இருக்கு, ஒரு தடவ பாட்டிய கூட்டிட்டுப் போய் பாத்துட்டு எனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தான், பாட்டி கண்ணாடி முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்களாம்.

வர்ற ஆகஸ்ட்ல ஒண்ணு மாத்தலாம்னு இருக்கேன். கிரேயோட புத்தகத்துல டர்னர் தன் பாட்டியப் பத்தி பேசறாரு, அப்பா ஓடிப்போனதப் பத்தி பேசறாரு, மனைவியப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது. அவர் சொல்லலையா, கிரே எழுதலையா, தெரியாது. அவங்க பேர் செர்ரின்னு வழிவழியா சொல்றாங்க. அந்த செப்டம்பர் கடிதத்துல, ஒரே ஒரு வரில, சவுக்கடி வாங்கறவங்களா மட்டும் வந்துட்டுப் போறாங்க, அந்தக் காகிதத்த அதுவரைக்கும் பத்திரமா வச்சிருந்தது அவங்க தான். இத்தன வருஷமா நான் பசங்களுக்கு குடுத்த பென்சில் மூணுலயும் அவங்களுக்குன்னு ஒரு கலர் இல்ல. நாலாவது பென்சில் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், பச்சை, முதல் கிளாஸ்லயே அந்தக் கடிதத்தோட சேத்து குடுக்கப் போறேன்.